ஊதா வெளிச்சம் விற்கிற கதை

கஞ்சா என்றதும் எங்கட ஆக்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு பக்கம் "அது சும்மா ஒரு மூலிகைதானே" என்பார்கள். மறுபக்கம் "அந்தக் கதையே வேண்டாம்" என்பார்கள். அந்தச் சண்டைக்குள் நாங்கள் போகப்போவதில்லை. இலங்கையில் அனுமதியில்லாமல் அதை வளர்ப்பது குற்றம்; வளர்க்கச் சொல்லித் தரவும் நாங்கள் வரவில்லை. நாங்கள் கதைக்க வந்தது வெளிச்சத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், வெளிச்சத்தின் பெயரால் விற்கப்படுகிற ஒரு நம்பிக்கையைப் பற்றி.

கனடாவில் 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி கஞ்சா சட்டபூர்வமானது. அமெரிக்காவில் கொலராடோ போன்ற சில மாநிலங்களில் அதற்கு முன்னரே கடைகள் திறந்துவிட்டன. இப்போது அங்கே அது ஒரு தொழில்துறை. கனக்க இடங்களில் செடி வெயிலையே காண்பதில்லை. மூடிய கட்டடங்களுக்குள் விளக்குகளுக்குக் கீழே வளர்கிறது. தொழில் வந்தால் விளக்கு விற்கிறவர்களும் வருவார்கள்தானே. அவர்கள் சொல்கிற கதை இரண்டு. ஒன்று, விளக்கின் நிறக் கலவையைச் சரியாக மாற்றினால் விளைச்சலும் வீரியமும் சேர்ந்து கூடும். இரண்டாவது, கொஞ்சம் கழியூதாக் கதிர், அதாவது யூவி, சேர்த்துவிட்டால் பூவில் ரீஎச்சீ ஏறும். ரீஎச்சீ என்பது போதையைத் தருகிற வேதிப்பொருள்.

எங்கட கருத்தை முதலே சொல்லிவிடுகிறோம். இந்தக் கதையில் அறிவியல் கொஞ்சம் இருக்கிறது, விற்பனைதான் கூட. இதை நம்புவதால் வருகிற செலவை விளக்கு வாங்கியவர் மட்டும் கட்டுவதில்லை.

யூவி கதை எங்கே இருந்து வந்தது? அதை யாரும் காற்றில் இருந்து பிடிக்கவில்லை. ரீஎச்சீ செடியின் பூவில் இருக்கிற மிகச் சிறிய பிசின் சுரப்பிகளில் உருவாகிறது. இந்தப் பிசின் செடிக்கு ஒரு வெயில் பூச்சு மாதிரி இருக்கலாம், கழியூதா கூடிய இடங்களில் வளர்ந்த செடிகள் அதனால்தான் வீரியமாக இருக்கலாம் என்று 1983இல் டேவிட் பேற் என்பவர் ஒரு கட்டுரையில் எழுதினார். 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்தார்கள். பச்சைவீட்டுச் செடிகளுக்கு யூவி-பி கொடுத்தபோது, போதை வகைச் செடியின் பூவில் ரீஎச்சீ சுமார் 2.5 சதவீதத்தில் இருந்து 3.2 சதவீதம் வரை ஏறியது.

இந்த ஒரு முடிவைத்தான் பல வருடங்களாக எல்லாரும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். "28 சதவீதம் கூடும்" என்று விளம்பரத்தில் போட வசதியான எண். ஆனால் அந்தச் செடிகளை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். அவற்றில் ரீஎச்சீ மொத்தமே 3 சதவீதம் சொச்சம். இன்று கனடாக் கடைகளில் 20 சதவீதத்துக்கு மேல் எழுதிய பெட்டிகள் சாதாரணம். இடையில் நடந்த பெரிய மாற்றத்துக்கு முக்கிய காரணம் விளக்கு இல்லை. வீரியமான செடிகளைத் தேர்ந்தெடுத்து, திரும்பத் திரும்ப இனங்கலந்ததுதான். ஏற்கனவே உச்சத்துக்குத் தள்ளப்பட்ட செடிக்கு யூவி இன்னும் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியைக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிற குவெல்ஃப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2021இல் வெளியான அவர்களது ஆய்வில் இரண்டு இனங்களுக்கு வெவ்வேறு அளவுகளில் குற்றலை யூவி-பி கொடுத்தார்கள். விளைச்சலும் கூடவில்லை, பூவின் வீரியமும் கூடவில்லை. இலைகள்தான் காயப்பட்டன. அந்த விளக்கின் அலைநீளம் சுமார் 287 நனோமீற்றர். நிலத்துக்கு வந்து சேருகிற வெயிலில் இருக்கும் யூவியைவிட அது கொஞ்சம் கடுமையானது, ஆகவே எல்லா யூவிக்கும் இது தீர்ப்பு ஆகாது என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் 2022இல் அதே பல்கலைக்கழகத்தில் இருந்து இன்னொரு ஆய்வு வந்தது. எல்ஈடி விளக்குகளோடு யூவி-ஏயும் யூவி-பியும் சேர்த்துப் பார்த்தார்கள். விளைச்சலிலும் மாற்றம் இல்லை, ரீஎச்சீயிலும் இல்லை.

யூவி செடிக்கு என்ன செய்கிறதோ இல்லையோ, மனிசருக்கு என்ன செய்யும் என்பதில் சந்தேகம் இல்லை. யூவி-பி தோலைச் சுடும், கண்ணின் கருவிழியை எரிக்கும். அந்த விளக்குகளுக்குக் கீழே நாள்க்கூலிக்குப் பூ நறுக்கிற, இலை கழிக்கிற ஆக்கள் இருக்கிறார்கள். "வீரியம் கூட்டும்" என்று கொட்டை எழுத்தில் போடுகிற விளம்பரத்தில் அவர்களுக்கு இடம் இல்லை.

இனி நிறத்துக்கு வருவோம். ஊதா வெளிச்சம் நிரம்பிய அறைப் படங்களை நீங்கள் யூரியூபில் கண்டிருப்பீர்கள். இலை பச்சையாகத் தெரிகிறது, ஆகவே பச்சை வெளிச்சம் அதற்குத் தேவையில்லை, சிவப்பும் நீலமும் போதும் என்பது அதன் பின்னால் இருக்கிற தர்க்கம். பள்ளிக்கூடப் பாடத்தில் பாதி மட்டும் படித்த தர்க்கம் இது. இலை பச்சை வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. மிச்சத்தை உறிஞ்சி ஒளித்தொகுப்புக்குப் பயன்படுத்துகிறது. மேல் இலைகளைத் தாண்டி உள்ளே போகிறதும் பச்சைதான் கூட.

நீலம் வீரியத்தைக் கூட்டும் என்ற கதைக்கும் ஓர் ஆதாரம் உண்டு. 2018இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், பழைய சோடியம் விளக்கோடு ஒப்பிடும்போது நீலம் கூடிய எல்ஈடியின் கீழ் பூவின் ரீஎச்சீ சதவீதம் கூடியது. சரி, வெற்றிதானே? இல்லை. சோடியம் விளக்கின் கீழ்தான் பூவின் எடை கூட. சதவீதத்தையும் எடையையும் பெருக்கி, ஒரு செடியில் இருந்து மொத்தம் எவ்வளவு கிடைத்தது என்று பார்த்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்தப் பொறியைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். சதவீதம் என்பது ஒரு பின்னம். மேலே உள்ள எண் கூடாமல், கீழே உள்ள எண் குறைந்தாலும் அது ஏறும். செடி சின்னதாகிப் போனதையே "வீரியம் கூடியது" என்று விற்கலாம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 2021இல் நீலத்தின் பங்கை 4 சதவீதத்தில் இருந்து 20 சதவீதம் வரை கூட்டிப் பார்த்தது. விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறைந்தது. ரீஎச்சீ செறிவு அசையவில்லை. நிறத்தைவிட, ஒரு அலகு மின்சாரத்துக்கு விளக்கு எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதுதான் முக்கியம் என்று அவர்கள் முடித்தார்கள்.

அப்ப எதுதான் வேலை செய்கிறது? அளவு. குவெல்ஃப் ஆய்வாளர்கள் 2021இல் செய்த மற்றொரு பரிசோதனையில், வெளிச்சத்தின் செறிவைப் படிப்படியாக ஏற்றியபோது, அவர்கள் சோதித்த எல்லை முழுக்க விளைச்சல் ஒரே நேர்கோட்டில் ஏறியது. ஒரு சதுர மீற்றருக்கு 116 கிராமில் இருந்து 519 கிராம் வரை, ஏறத்தாழ நாலரை மடங்கு. பூவின் வீரியத்தில் மாற்றம் இல்லை. கேட்கச் சப்பென்று இருக்கும். கூட வெளிச்சம் போட்டால் கூட விளையும், அவ்வளவுதான். இதில் இரகசியம் எதுவும் இல்லை, ஊதா மாயமும் இல்லை. ஆனால் கூட வெளிச்சம் என்றால் கூட மின்சாரம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மூடிய அறைகளில் கஞ்சா வளர்ப்பதற்கு அமெரிக்காவின் மொத்த மின்சாரத்தில் ஒரு சதவீதம் போகிறது என்று 2012இல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது. 2021இல் வந்த இன்னொரு கணக்கின்படி, ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு, இடத்தைப் பொறுத்து, 2,283 முதல் 5,184 கிலோ வரை காபனீரொட்சைட்டுக்கு ஈடான வாயுக்கள் வெளியாகின்றன. விளக்கு மட்டும் இல்லை. விளக்கின் சூட்டை இறக்கக் குளிரூட்டி, ஈரத்தை எடுக்க இன்னொரு இயந்திரம், வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்து பதப்படுத்த மற்றொன்று. ஒரு கிலோவுக்கு டொன் கணக்கில் புகை. "இயற்கை மூலிகை" என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் எதற்காக? பெட்டியில் ஒட்டுகிற ஒரு எண்ணுக்காக. வாங்குகிறவர் எண் பெரிதானதை எடுக்கிறார், விற்கிறவர் எண்ணைப் பெரிதாக்குகிறார். அந்த எண்ணாவது உண்மையா? 2023இல் கொலராடோக் கடைகளில் வாங்கிய பூக்களைச் சோதித்த ஓர் ஆய்வில், சுமார் 70 சதவீத மாதிரிகளில் இருந்த ரீஎச்சீ, லேபிளில் சொன்னதைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைவு.

எண் உண்மையாகவே பெரிதாக இருந்தால் அது இன்னும் மோசம். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினொரு இடங்களில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 10 சதவீதத்துக்குக் குறையாத ரீஎச்சீ உள்ள கஞ்சாவைத் தினமும் பாவித்தவர்களிடம், ஒருபோதும் பாவிக்காதவர்களைவிட, மனச்சிதைவு போன்ற நோய்கள் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடக் காணப்பட்டது. தொடர்பு இருப்பதாலேயே காரணம் என்று ஆகாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் வீரியத்தைத் தரத்தின் அடையாளமாகக் கொண்டாடுகிற சந்தைக்கு, முக்கியமாக எங்கட வயசுக்காரரைக் குறிவைக்கிற சந்தைக்கு, இது சின்ன எச்சரிக்கை இல்லை.

"இது அந்த நாடுகளின் பிரச்சினை, எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். 2022 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்ப்பதை ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை இருந்தது. அதே வருடம் மார்ச் கடைசியில்தான் நாங்கள் ஒரு நாளில் 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்த யோசனையைப் பற்றி வந்த வாதங்கள் எல்லாம் டொலரையும் ஒழுக்கத்தையும் சுற்றித்தான் ஓடின. மின்சாரத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

இப்படியான யோசனைகள் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். வரும்போது முதலீட்டாளர் கொண்டுவருகிற படங்களில் ஊதா வெளிச்சமும், ரீஎச்சீ சதவீதமும், டொலர் கணக்கும் கட்டாயம் இருக்கும். நாங்கள் அப்போது கேட்க வேண்டியவை வேறு. ஒரு கிலோவுக்கு எத்தனை அலகு மின்சாரம்? அந்த மின்சாரம் எந்த விலையில், யாருடைய பங்கில் இருந்து எடுத்துக் கொடுக்கப்படும்? வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணிநேர வெயில் இலவசமாக விழுகிற நாட்டில், மூடிய அறையும் விளக்கும் எதற்கு? உள்ளே வேலை செய்கிற பிள்ளைகளின் கண்ணுக்கும் தோலுக்கும் யார் பொறுப்பு?

ஏற்றுமதி வேண்டும் என்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் இந்தக் கேள்விகளைச் சேர்ந்தே கேட்கலாம். எண்ணோடு பதில் தருகிறவரோடு மட்டும் மிச்சத்தைக் கதைப்போம்.