பூட்டும் சாவியும்

பைராம் தோட்டத்திலிருந்து கோலாலம்பூரிலுள்ள அக்காவுக்கு ஒரு மாணவன் புலனத்தில் செய்தி அனுப்புகிறான். அதை இடைவழியில் எவரும் படிக்க இயலாது. இதற்கு அடிப்படையான பொதுச்சாவி முறையை 1976இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்டனர். இம்முறையில் ஒவ்வொருவருக்கும் இரு சாவிகள் உண்டு. பூட்டுவதற்கான பொதுச்சாவியை எவருக்கும் கொடுக்கலாம். திறப்பதற்கான தனிச்சாவியோ உரியவரிடமே இருக்கும். எனவே, முன்பின் சந்திக்காத இருவரும் இரகசியம் காக்க முடிகிறது.

எனினும், இப்பூட்டு செய்தியை வழியில் மட்டுமே காக்கும். திறன்பேசியின் கடவுச்சொல்லை நண்பனிடம் சொல்லிவிட்டால், அக்கா எழுதியதையும் அவன் படித்துவிடுவான். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்டால் திருடனை நொந்து பயனில்லை. ஆகவே, தொழில்நுட்பத்தை நம்பினால் மட்டும் போதாது. கடவுச்சொல்லைக் காப்பதும் மாணவரின் கடமையே. பிறர் நம்பி அனுப்பிய சொல்லுக்கு அதுவே மரியாதை.