இருபது தடவை டாஸ் தோத்தா சதியா?

ஹாஸ்டலில் போன வாரம் ஒரு ரணகளம். 2023 நவம்பர் 19 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் ஆரம்பித்து 2025 டிசம்பர் வரை இந்திய அணி தொடர்ந்து 20 ஒருநாள் போட்டிகளில் டாஸ் தோற்றது இல்லையா, "இது தற்செயலா இருக்கவே முடியாதுடா" என்று ஒரு கோஷ்டி. கையில் கால்குலேட்டர் வேறு. 2-ஐ 20 தடவை பெருக்கினால் 10,48,576. "பத்து லட்சத்துல ஒண்ணு, சதிதான்!"

கணக்கு சரி மக்களே, கேள்விதான் தப்பு. அந்த 20 ஆட்டங்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டா பார்த்தீர்கள்? நடந்து முடிந்த பிறகு பொறுக்கி எடுத்தீர்கள். இதையே இலங்கையோ ஜிம்பாப்வேயோ தோற்றிருந்தாலும் வாயைப் பிளந்திருப்போம்.

அதனால் கம்ப்யூட்டரிடம் கேளுங்கள் என்கிறேன். 1971-லிருந்து நடந்த சுமார் 4,900 ஒருநாள் போட்டிகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேர்மையான ஒரு நாணயத்தைச் சுண்டி, ஏதாவது ஒரு அணி 20 தடவை தொடர்ந்து தோற்றதா என்று மட்டும் பாருங்கள். பைத்தானில் இருபது வரி கூட வராது. மொத்த வரலாற்றையும் 10,000 தடவை ஓட்டினால், 50-ஐ ஒட்டிய தடவைகளில் அப்படி ஒரு அணி மாட்டும். தொடர்ந்து ஜெயிப்பதையும் அதிசயம் என்று சேர்த்தால் 100-ஐ நெருங்கும். பத்து லட்சத்தில் ஒன்று எங்கே, நூற்றில் ஒன்று எங்கே!

"அப்பவும் அபூர்வம்தானே?" ஆமாம், அபூர்வம்தான், மறுக்கவில்லை. அப்படியானால் சதியை யார் செய்தது, எப்படி என்று சொல்லுங்கள். ரோஹித் 12, ராகுல் 5, கில் 3 என்று மூன்று கேப்டன்கள் தோற்றிருக்கிறார்கள். ஐந்து நாடுகள். சொந்த மண்ணில் நம்மாள் சுண்டினார், வெளியூரில் எதிரணி கேப்டன் சுண்ட நம்மாள் பூவா தலையா சொன்னார். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே தில்லாலங்கடி எனக்குத் தோன்றவில்லை. போதாததற்கு, அந்த இறுதிப்போட்டிக்குச் சில நாள் முன்புதான் ஒரு முன்னாள் பாகிஸ்தான் வீரர், ரோஹித் நாணயத்தைத் தூரமாக வீசி டாஸில் தில்லுமுல்லு செய்கிறாரோ என்று டிவியில் சந்தேகம் கிளப்பினார்! ஒருத்தர் மேல் திருட்டுப் பட்டம் கட்ட இவ்வளவுதான் தேவைப்படுகிறது, நாலு நாணயம் ஒரே பக்கம் விழுந்தால் போதும்.

சூத்திரம் இருக்க நிரல் எதற்கு என்று கேட்கும் கணக்குப் புலிகளுக்கு: நிரல் எழுதும்போது "எது நடந்தால் ஆச்சரியப்படுவேன்" என்பதை முதலிலேயே தட்டச்சு செய்தாக வேண்டும். நழுவ முடியாது.

டிசம்பர் 6 விசாகப்பட்டினத்தில் ராகுல் இடது கையால் சுண்டி ஒருவழியாக ஜெயித்தார். அந்த இடது கைதான் காரணம் என்கிறான் என் ரூம்மேட்.