பேயா? கர்மமா? நோயா?

குழந்தைப் பிராயத்தில் சொந்த வீட்டிலேயே அடி உதை பட்டவர்களும், நெருங்கிய உறவினனாலேயே கெடுக்கப்பட்டவர்களும், இருபது முப்பது வருஷங்கழித்தும் நடுநிசியில் அலறி எழுகிறார்கள்; கதவு தட்டும் சத்தத்திற்கே நடுங்குகிறார்கள். இதற்குப் பேய் என்பான் ஒருவன். கிரக தோஷம் என்பான் மற்றொருவன். பூர்வ ஜென்ம கர்மம் என்பான் இன்னொருவன். கெடுத்த அயோக்கியனைப் பற்றி மாத்திரம் எவனும் வாய் திறப்பதில்லை. அவனோ கலியாணப் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறான்! கர்மம் என்பதால் லாபம் யாருக்கு என்பதைத் தோழர்கள் யோசிக்க வேண்டுகிறோம்.

பேரதிர்ச்சியால் வரும் இந்த மனநோயை அமெரிக்க மனநோய் வைத்தியர்கள் 1980-லேயே நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்நாட்டு அரசாங்கம் இதற்கென்று 1999-ல் செர்ட்ராலின் என்னும் மாத்திரையையும், 2001-ல் பராக்ஸெடின் என்பதையும் அனுமதித்தது. அதே 2001-ல் நம் ஏர்வாடியில் நடந்தது என்ன? தர்காவை நம்பிக் கொண்டுவந்து, தனியார் விடுதியில் சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயில் வெந்து மாண்டார்கள். கட்டியிருந்த சங்கிலியை எந்தத் தெய்வம் அவிழ்த்தது?

நிற்க, நம்மவர்களிலும் சிலர் மாத்திரையையே தாயத்தாக்கிக் கொள்ளுகிறார்கள். அது மந்திரமல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், எல்லோருக்கும் கேட்பதுமில்லை. குமட்டல் வரலாம், ஆண் பெண் இச்சை குறையலாம், திடீரென்று நிறுத்தினால் தொல்லை. பயத்தையும் படபடப்பையும் துயரத்தையும் தணிக்குமேயன்றி நடந்ததை அழித்துவிடாது. பட்டதை வாய்விட்டுப் பேசி, அதன் பயத்தைத் தெளிவிக்கும் பயிற்சி பெற்றவரிடம் பெறும் சிகிச்சையே முதன்மையானதென்றும், மருந்து அதற்கு அடுத்ததென்றும் அமெரிக்கப் படைவீரர் வைத்திய இலாகாவே 2023-ல் விதித்திருக்கிறது. டயஸிபாம், அல்ப்ரசோலம் முதலியவை இந்நோய்க்கு ஆகாவென்றும் அதுவே சொல்லுகிறது. நம்மூரிலோ தூக்கம் வரவில்லையென்றதும் அவற்றையே கடையில் கேட்டு வாங்கி விழுங்கிப் பழக்கமாக்கிக் கொள்ளுகிறார்கள்!

“டாக்டரிடம் போனால் பைத்தியமென்று பட்டங்கட்டுவார்களே, பெண்ணுக்குக் கலியாணம் ஆகாதே” என்பீர்கள். பூசாரியின் வேப்பிலையடியை ஊரே கூடிப் பார்க்கும்போது போகாத மானமா, ஜில்லா ஆஸ்பத்திரியில் டாக்டரோடு தனியே பேசுவதால் போய்விடும்? வெளியே வர முடியாத பெண்ணுக்கு 14416 என்ற அரசாங்க டெலிபோன் 2022 முதல் இருக்கிறது. காசில்லை, தமிழிலேயே பேசலாம். உடுக்கைக்காரனுக்கு அளக்கும் பணத்தை மிச்சம் பிடித்து, முதலில் அந்த உறவினனை வீட்டுப் படியேறாமல் நிறுத்துங்கள். அவன் வந்துபோகும் வீட்டில் எந்த மாத்திரை வேலை செய்யும்?