கைகொடுத்து எழுப்புங்கள்



இந்த வாரம் நம்மைக் கடிந்துகொள்ளும் காரியம் ஒன்றைப் பேசவேண்டும். சுண்ணாம்புக்குளம் தொடங்கிப் பழவேற்காட்டு ஏரியோரம் எங்கும், சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்த தாய்மார், ஒருமுறை வழுக்கி விழுந்துவிட்டால் அதன்பின் கட்டிலுக்கே உரியவர்களாகிவிடுகிறார்கள். எலும்பு கூடி, மருத்துவர் நடக்கச் சொன்ன பின்னும், "நீங்கள் எழவேண்டாம் ஆயா, நாங்கள் இருக்கிறோம்" என்கிறோம். இதற்கு அன்பு என்று பெயரிடுகிறோம். இதில் பாதி பயம். மீதி நம் வசதி. அவர்கள் நடக்கும்வரை காத்திருப்பதைவிட, கிடத்தி வைப்பது நமக்கு எளிது.

"நடந்தால் மறுபடியும் விழுவார்களே" என்பீர்கள். கிடந்தால் மட்டும் விழமாட்டார்களோ? ஆரோக்கியமான முதியோரை 10 நாள் படுக்கையில் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. அந்த 10 நாளில் அவர்கள் கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்தது. நாம் தரும் ஓய்வே அடுத்த விழுகைக்கு வழியாகிறது.

மாற்கு முதலாம் அதிகாரத்தை வாசியுங்கள். மீனவனாகிய சீமோனின் மாமி ஜுரத்தில் கிடந்தாள். ஆண்டவர் கைகொடுத்து எழுப்பினார். எழுந்தவள் விருந்தினரைத் தானே உபசரித்தாள். அவர் அவளுக்குச் சுகத்தோடு அவளுடைய வேலையையும் திரும்பக் கொடுத்தார். "நீ ஓய்ந்திரு" என்று ஒருவரும் தடுத்ததாக அங்கே எழுதப்படவில்லை.

ஆகையால் செய்யவேண்டியவை இவை. கழிவறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். இரவில் அந்த வழிக்கு விளக்கு வையுங்கள். ஒருக்களித்துத் திரும்பி, முழங்காலூன்றி, உறுதியான நாற்காலியைப் பற்றி எழும் முறையை இயன்முறை மருத்துவரிடம் கற்றுப் பழக்குங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டிற்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஏரியில் இன்னாருக்கு இன்ன நாள் என்று பாடு முறை வைத்து வலை இறக்கும் நாம், விழுந்த முதியோரோடு பத்து அடி நடக்க ஒரு பாடு வைக்கலாகாதா? ஞாயிறு ஆராதனைக்குப் பின் பெயர் கொடுங்கள். "ஆயாவுக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லி வீடு திரும்புகிறவரிடம் நான் கேட்பேன்: உங்கள் கை எங்கே?

கர்த்தர் நம்மை எழுப்பும் கரங்களாக்குவாராக. ஆமென்.