எம்-ஒன் பயமா? ப்ளஸ் ஒன் புக்கைத் தேடுங்க!

ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் மக்களே, இந்த வாரம் மேட்டர் முழுக்க உங்களுக்குத்தான். சீனியர்ஸ் பக்கத்தைத் திருப்பிடலாம். எம்-ஒன் அரியர் வெச்சிருக்கிற சீனியர்ஸ் மட்டும் முன் பெஞ்சுல வந்து உட்காருங்க!

ஹாஸ்டலில் பெட்டியை இறக்கி வைக்கறதுக்குள்ளேயே காதுல விழுற வார்த்தை 'எம்-ஒன்'. முதல் செமஸ்டர் மேத்ஸ் பேப்பருக்கு ஆண்டாண்டு காலமா இருக்கிற செல்லப் பேரு. ரெகுலேஷன் மாறினா சிலபஸ் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அண்ணா யுனிவர்சிட்டியோட 2021 ரெகுலேஷன்ல இந்தப் பேப்பருக்கு 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்'னே பேர் வெச்சாங்க. ஆனா சீனியர் அண்ணன்கள் சொல்ற பேய்க்கதை மட்டும் மாறவே மாறாது. "ட்ரிபிள் இன்டக்ரல்னு ஒண்ணு வரும் பாரு தம்பி... அப்பத் தெரியும்!"

உண்மையில அங்கே தடுக்கி விழறவங்க குறைவு. அதுக்கு முன்னாடியே விழுந்துடறாங்க.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஐகன் வேல்யூ கண்டுபிடிக்கணும். மேட்ரிக்ஸிலிருந்து சமன்பாடு எடுக்கறது வரைக்கும் எல்லாருமே சூப்பரா வந்துடறாங்க. லாம்டா க்யூப் மைனஸ் 6 லாம்டா ஸ்கொயர் ப்ளஸ் 11 லாம்டா மைனஸ் 6 ஈக்வல் டு 0. அடுத்து? பேனா நின்னு போகுது. இதை உடைக்கிற வேலை காலேஜ் பாடமே இல்லை. கெழுக்களைக் கூட்டிப் பாருங்க: 1, மைனஸ் 6, 11, மைனஸ் 6... கூட்டினா பூஜ்யம். அப்படின்னா 1 ஒரு மூலம். பத்தாம் வகுப்புக்குள்ளேயே படிச்ச தொகுமுறை வகுத்தலைப் போட்டா மீதி ஒரு இருபடிச் சமன்பாடு, அதிலிருந்து 2, 3. முடிஞ்சுது! கால்குலேட்டர் விடை சொல்லிடுமேன்னு கேட்கலாம். சொல்லும். ஆனா பேப்பர் திருத்துறவர் ஸ்டெப்புக்கும்தானே மார்க் போடறார்?

இன்னொண்ணு. 'சேஞ்ச் ஆஃப் ஆர்டர்' கணக்கு. ஒய்யோட எல்லை எக்ஸ் ஸ்கொயரிலிருந்து 2 மைனஸ் எக்ஸ் வரை, எக்ஸோட எல்லை 0 முதல் 1 வரை. பரவளையமும் நேர்கோடும் எங்கே வெட்டிக்குதுன்னு ஒரு படம் போட்டா போதும், (1, 1)ங்கிற புள்ளி கண்ணுக்குத் தெரியும். வரிசையை மாத்தினா ஒய் 1-க்குக் கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டுன்னு ரெண்டா பிரிக்கணும்ங்கிறதும் அந்தப் படத்துலயே இருக்கு. உள்ளே இருக்கிறது எக்ஸ் இன்டு ஒய்யா இருந்தா விடை 3/8. இதுல இன்டக்ரேஷன் சின்னப் பிள்ளை வேலை. படம் போடத் தெரியாதவங்கதான் எல்லையைக் குத்துமதிப்பா எழுதி முழு மார்க்கையும் கோட்டை விடறாங்க.

அதாவது கால்குலஸைவிட கால்குலஸுக்கு முந்தினதுதான் உங்களுக்குத் தண்ணி காட்டுது. அமெரிக்க ஹைஸ்கூல்கள்ல இதுக்குன்னே 'ப்ரீ கால்குலஸ்'னு ஒரு வருஷ வகுப்பு இருக்கு. பல்லுறுப்புக் கோவை, அடுக்கு, மடக்கை, முக்கோணவியல், சார்புகளோட வரைபடம்... இதெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கால்குலஸ் கதவைத் திறப்பாங்க. 2023-ல் காலேஜ் போர்டு அதை ஏ.பி. பாடமாவே கொண்டு வந்துது. 2024 மே மாசம் முதல் பரீட்சை நடந்துது.

நம்ம ஊர்ல அந்த ப்ரீ கால்குலஸ் இல்லையா? பேஷா இருக்கு. அதுக்குப் பேர் ப்ளஸ் ஒன் மேத்ஸ்!

பிரச்னையே அங்கேதான். இன்ஜினீயரிங் கட் ஆஃப் 200-ல் மேத்ஸுக்கு 100. அதுக்கு எடுத்துக்கறது ப்ளஸ் டூ மார்க்கை மட்டும்தான். அதனால ரெண்டு வருஷமும் ப்ளஸ் டூ புக்கையே உருட்டின ஸ்கூல்கள் இங்கே எத்தனையோ. ப்ளஸ் ஒன் புக் புதுசு வாசனை போகாம அலமாரியில தூங்கும். இதைத் தடுக்கத்தான் ப்ளஸ் ஒன்னுக்கும் பப்ளிக் எக்ஸாம்னு 2017-ல் அறிவிச்சாங்க; 2018 மார்ச்ல முதல் தேர்வு நடந்துது. 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில அந்தத் தேர்வை எடுத்துட்டாங்க. பசங்களுக்கு டென்ஷன் குறையுதுங்கிறது நல்ல விஷயம்தான், மறுக்கலை. ஆனா மேத்ஸைப் பொறுத்தவரைக்கும் பழைய குறுக்குச் சந்து மறுபடியும் திறந்துடுமோன்னு எனக்கு ஒரு உதறல் இருக்கு. ஸ்கூல் தாவின அந்த ஒரு வருஷத்துக்கான பில் காலேஜ்ல நம்ம பேர்லதான் வருது, பாஸ்!

சரி, என்ன பண்ணலாம்? ஆயிரக்கணக்குல ஃபீஸ் கட்டி க்ராஷ் கோர்ஸ் எல்லாம் வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தோட ப்ளஸ் ஒன் கணக்குப் புத்தகம், முதல் தொகுதி போதும். இணையத்துல இலவசமாவே கிடைக்குது. மொத்தம் ஆறே அத்தியாயம். அதுலயும் நாலாவதை, அதான் அந்த சேர்ப்பியல், இப்போதைக்கு விட்டுடலாம். கோச்சுக்காது. அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல் ரெண்டையும் மட்டும் விடவே கூடாது.

இயற்கணிதத்துல பகுதி பின்னம் ரொம்ப முக்கியம். இன்டக்ரேஷன்ல பாதி கணக்கு அங்கேதான் போய் நிக்கும். அப்படியே உங்க கையில ஒட்டிக்கிட்டிருக்கிற சில கெட்ட பழக்கங்களையும் கழட்டணும். ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயரை ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர்னு எழுதறது. மேலே கூட்டல்ல இருக்கிறதைக் கீழே இருக்கிறதோட சட்டுனு அடிச்சுவிடறது. சைன் 2 எக்ஸை 2 சைன் எக்ஸ்னு ஆக்கறது. சிரிக்காதீங்க, பரீட்சை ஹால் அவசரத்துல கை தானா இதைத்தான் எழுதும்.

முக்கோணவியல்ல ஃபார்முலா லிஸ்ட்டை மென்னு முழுங்க வேண்டாம். சைன், காஸ் கூட்டல் ஃபார்முலா ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டு, மத்ததை ஒரு வெள்ளைத்தாளில் நீங்களே வருவிச்சுப் பாருங்க. சைன் ஸ்கொயரைப் பார்த்ததும் '1 மைனஸ் காஸ் 2 தீட்டா, பை 2'ன்னு கை தானா எழுதற அளவுக்கு வந்துட்டா, போலார்ல வர்ற டபுள் இன்டக்ரல் பாதி முடிஞ்ச மாதிரி.

அப்புறம் இந்த ரேடியன். ஸ்கூல் பரீட்சையில கால்குலேட்டரே கிடையாது; காலேஜ்ல கைக்கு வந்ததும் தலை கால் புரியாது. அதை டிகிரி மோடுல வெச்சு சைன் 0.1 போட்டு, 0.1-ஆல வகுங்க. 0.01745 வரும். ரேடியனுக்கு மாத்திட்டு அதையே போடுங்க. 0.9983! எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது சைன் எக்ஸ் பை எக்ஸ் 1-ஐ நெருங்கும்னு சொல்றது ரேடியன்ல மட்டும்தான் நிஜம். சைனோட டெரிவேட்டிவ் காஸ்ங்கறதும் அப்படித்தான். மோடு மாறினா சரியான கணக்குக்கும் தப்பான விடை வரும்.

ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், மூணு வாரம். வகுப்பு ஆரம்பிச்சதும் வர்ற இண்டக்‌ஷன் ப்ரோகிராம்கூட ஏ.ஐ.சி.டி.இ. கணக்குப்படி மூணு வாரம்தான். பகல்ல மோட்டிவேஷன் ஸ்பீச்சுக்குக் கை தட்டுங்க, ராத்திரி முக்கோணவியல் போடுங்க. கணக்கு மேத்தமாட்டிக்ஸ் நோட்டுல இருக்கட்டும். தீர்வைப் பார்த்து 'ஆங், புரிஞ்சிடுச்சு'ன்னு தலையாட்டறது படிச்சதுல சேராது. விடையை மூடி வெச்சுட்டுப் போட்டுப் பார்க்கணும்.

தமிழ் மீடியத்துல இருந்து வந்திருக்கீங்களா? உங்களுக்குக் கணக்கு தெரியும், பேர்தான் தெரியாது. சார்புன்னா ஃபங்ஷன், எல்லைன்னா லிமிட், வகைக்கெழுன்னா டெரிவேட்டிவ், தொகையீடுன்னா இன்டக்ரல், அணிக்கோவைன்னா டிடர்மினன்ட். ஒரே புத்தகம் ரெண்டு மொழியிலயும் கிடைக்குது. ஒரே பக்கத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு அம்பது வார்த்தையை நோட்டுல எழுதிட்டீங்கன்னா, முதல் வாரம் லெக்சரர் மடமடன்னு போகும்போது மிரள வேண்டியதில்லை.

அப்படியும் போர்டுல மூணு ஸ்டெப்பைத் தாவி 'சிம்ப்ளிஃபை பண்ணா இது வரும்'னு அவர் அடுத்த வரிக்குப் போயிட்டா, கையைத் தூக்கிடுங்க. "சார், நடுவுல இருக்கிற ஸ்டெப்?" அவ்வளவுதான். கேட்கிற ஆள் நீங்க ஒருத்தரா இருக்கலாம். பின்னாடி அதே இடத்துல முழிச்சுக்கிட்டு நாற்பது பேர் இருப்பாங்க.