வாலில் ஒரு பி.எஃப். கணக்கு

தமிழனுக்கும் பல்லிக்கும் உள்ள உறவு பழையது. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் பல்லி விழும் பலன் என்று தனிப் பக்கமே இருக்கும். தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் ஒரு பலன். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் பயபக்தியுடன் தொட்டுவிட்டு வருவோம். வீட்டுக்கு வந்ததும், ட்யூப்லைட்டுக்குப் பின்னால் இருக்கிற நிஜப் பல்லியைத் துடைப்பத்தால் விரட்டுவோம்.

பல்லி விழுந்தால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று இத்தனை எழுதி வைத்தவர்கள், பல்லிக்கே உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதவில்லை. இந்த வாரம் அதுதான் விஷயம்.

இடம், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலம், டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ளேனோ. என் அக்கா வீடு. நான் பத்து நிமிஷ தூரத்தில் அபார்ட்மென்ட்டில் இருக்கும் பிரம்மச்சாரி. சனி, ஞாயிறு சாப்பாடு அக்கா வீட்டில். அதற்குப் பதிலாக, வீட்டில் யாருக்கு எங்கே போக வேண்டுமானாலும் நான்தான் டிரைவர். அப்படித்தான் 2023 செப்டம்பரில் ஒரு பல்லிக்கு டிரைவரானேன்.

பல்லி என் மருமகனுடையது. அவனுக்கு வயது 11. பல்லியின் ஜாதி, லெப்பர்ட் கெக்கோ. சிறுத்தைப் பல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு அங்குலம் நீளம், மஞ்சள் மேனி, கறுப்புப் புள்ளிகள். நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: கண் இமை. நிதானமாகக் கண்ணை மூடித் திறந்து உங்களைப் பார்க்கும்போது, லோன் அப்ளிகேஷனைப் பார்க்கும் பேங்க் மேனேஜர் ஞாபகம் வரும். நம் பல்லிக்கு இருக்கிற ஒன்று இதற்கு இல்லை: விரலில் ஒட்டும் பட்டை. சுவர் ஏறாது. ஆகவே யார் தலையிலும் விழாது. பஞ்சாங்கத்துக்கு வேலையே இல்லை.

இதன் பூர்வீகம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், நம் நாட்டின் வடமேற்குப் பக்கத்து வறண்ட பாறைப் பிரதேசம். 1854-ல் இதை முதலில் விவரித்துப் பெயர் வைத்த எட்வர்ட் பிளைத், கல்கத்தாவில் ஏஷியாட்டிக் சொசைட்டி மியூசியத்தின் க்யூரேட்டர். அப்புறம் அமெரிக்காவுக்குப் போய், தலைமுறை தலைமுறையாகத் தொட்டிகளிலேயே குஞ்சு பொரித்துப் பெருகி, இப்போது பச்சை அமெரிக்கன். எனக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை.

ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது சொல்லுமா?"

"சொல்லாது பாட்டி. சத்தமே போடாது."

"பலன் சொல்லாத பல்லிய வெச்சுக்கிட்டு என்னடா பண்றீங்க?"

ஆனால் 'புள்ளி' என்று பெயர் வைத்தது அம்மாதான்.

புள்ளியின் உடம்பில் முக்கியமான பாகம் வால். ஒட்டகத்துக்குத் திமில் போல, கொழுப்பையெல்லாம் வாலில் சேர்த்து வைக்கும். ஆரோக்கியமான பல்லிக்கு வால் கொழுகொழுவென்று இருக்கும். சுருக்கமாக, வால்தான் அதன் பி.எஃப். கஷ்டகாலத்துக்கு எடுத்துச் சாப்பிடும். நம் ஆபீஸிலும், ஒருத்தன் பி.எஃப்.பில் அடிக்கடி கை வைத்தால் அவன் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம், இல்லையா? அதே கதைதான்.

மருமகன் ஒரு நோட்டு வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் சமையலறைத் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசில் புள்ளியை நிற்க வைத்து எடை குறிப்பான். ஆகஸ்ட் முதல் வாரம் 62 கிராம். அப்புறம் 60. 57. 51. 45-க்கு வந்ததும் எனக்குப் போன்.

"மாமா, புள்ளி பி.எஃப். எடுக்குது."

போய்ப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமன் இருந்த வால் பென்சிலாகியிருந்தது. மற்றபடி பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் இந்தப் பிராணியோடு தொல்லை. காட்டில் நோயைக் காட்டிக்கொள்கிற பல்லியைப் பாம்பும் பறவையும் முதலில் கொத்தும். அதனால் முடிகிற வரை 'எனக்கென்ன, நல்லா இருக்கேன்' என்றே நடிக்கும். நமக்கு வெளியில் தெரிகிறபோது நோய் ரொம்ப தூரம் போயிருக்கும். அந்த நோட்டு மட்டும் இல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம் யாருக்கும் தெரிந்திருக்காது.

மருமகன் அதற்குள் பாதி டாக்டர் வேலையை முடித்திருந்தான். தொட்டியின் சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25. சரி. இது முக்கியம், ஏனென்றால் பல்லிக்குச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். சூடு இல்லாவிட்டால் ஜீரணம் ஆகாது, தின்றது வயிற்றிலேயே அழுகும். தொட்டியில் மணல் கிடையாது, பேப்பர் டவல்தான். ஆகவே மணலைத் தின்று குடல் அடைத்திருக்க வழியில்லை. தீனி கிரிக்கெட். டெண்டுல்கர் ஆடியது அல்ல, சில்வண்டு. அதையும் கால்சியம் பவுடரில் பிரட்டித்தான் போடுவான். கால்சியம் குறைந்தால் எலும்பு ரப்பராகிவிடும். எல்லாம் சரி. ஆனால் எடை இறங்குகிறது.

"டாக்டர்கிட்ட காட்டணும்" என்றான்.

அத்தான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "பல்லிக்கு டாக்டரா? 40 டாலர் குடுத்தா புதுசே கிடைக்கும்டா."

பையன் ஒன்றும் பேசவில்லை. 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸ் உறைந்து, கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரிகளில், புள்ளியை ஒரு சாக்ஸில் சுற்றி சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தவன் அவன்.

பேசியது அம்மா. "மாப்பிள்ளை, சின்ன வயசுல உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ, போனா போறது, வேற பெத்துக்கலாம்னு சம்பந்தியம்மா நெனச்சிருந்தா, இன்னிக்கு என் பொண்ணு கதி என்ன?"

அத்தான் மறுபடி லேப்டாப்புக்குள் போய்விட்டார்.

டாக்டர் கிடைப்பது லேசாக இல்லை. முதலில் கூப்பிட்ட இரண்டு இடத்திலும் "நாய், பூனை மட்டும்" என்றார்கள். ஊர்வன பிராணிகளுக்கும் தவளை வகைகளுக்கும் வைத்தியம் பார்ப்பவர்களுக்கென்று ஏ.ஆர்.ஏ.வி. என்ற சங்கம் 1991-லிருந்து இருக்கிறது. அதன் பட்டியலில் ஒருத்தர் அகப்பட்டார், 40 மைல் தள்ளி. ஓட்டை போட்ட டப்பா, உள்ளே துண்டு, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். புதிய சாம்பிள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எந்த சாம்பிள் என்று கேட்காதீர்கள். அது ஒரு ஜிப் கவரில், நான் காபி வைக்கும் இடத்தில் பயணம் செய்தது.

டாக்டரம்மா சின்ன வயசு. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு பழுதில்லை, அடைப்பு இல்லை. சாம்பிளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பி.சி.ஆர். டெஸ்ட்டுக்கும் அனுப்பினார். (ஆம், நம் மூக்கில் குச்சி விட்டார்களே, அதே பி.சி.ஆர்.) பில் 430 டாலர். அம்மா அதை 83-ஆல் பெருக்கி, "முப்பத்தஞ்சாயிரத்துச் சொச்சம்! ஊர்ல ஒரு பசுமாட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கலாம்" என்றாள். ஆனால் அத்தான் எதிரில் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் ரிசல்ட் வந்தது. கிரிப்டோ.

"பிட்காயினா?" என்றார் அத்தான். அவருக்கு அதில் ஏற்கெனவே கை சுட்டிருந்தது.

இது கிரிப்டோஸ்போரிடியம். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. பல்லியின் சிறுகுடலில் உட்கார்ந்துகொண்டு, சாப்பிட்டது உடம்பில் சேராமல் செய்துவிடும். தின்றாலும் இளைக்கும், தின்னாவிட்டாலும் இளைக்கும். வால் குச்சியாகிவிடும். பாரமோமைசின் என்ற மருந்து இதை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். அடியோடு ஒழிக்க நம்பகமான மருந்து கிடையாது. இதன் முட்டைகள் ப்ளீச்சுக்குக்கூட அசையாது. தினமும் பேப்பரை மாற்று, நல்ல சூட்டில் சுத்தம் செய், தேய்த்துக் கழுவ முடியாத சாமானைத் தூக்கி எறி. இன்னொரு பல்லி வீட்டில் இருந்தால் இடுக்கி முதல் தட்டு வரை தனித்தனி. மனிதர்களைத் தாக்கும் கிரிப்டோ வேறு வகை. ஆனால் எந்தப் பல்லியிடமும் சால்மோனெல்லா இருக்கலாம், தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும் என்றார் டாக்டர். அம்மா ஐம்பது வருஷமாகச் சொல்லிவரும் ஒரு விஷயத்துக்கு விஞ்ஞான ஆதாரம் கிடைத்தது.

மருமகன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லை. கடையிலிருந்து வரும்போதே இருந்திருக்கலாம். வருஷக்கணக்கில் வெளியில் தெரியாமல் இருக்கும்."

அப்புறம் அந்த டாக்டர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. நோட்டைக் கேட்டு வாங்கி, "புள்ளிக்குப் பிடித்த மூன்று விஷயம் எழுது" என்றார். பையன் எழுதினான். ஒன்று: இருட்டியதும் வெளியே வந்து பார்ப்பது. இரண்டு: உதட்டில் பட்ட தண்ணீரை நக்குவது. மூன்று: தீனியைக் குறிவைக்கும்போது வால்நுனியை ஆட்டுவது.

"மருந்து கொடுப்போம். ஆனால் இதில் இரண்டு நின்று போனால் எனக்குப் போன் பண்ணு. அன்றைக்கு அழுதுகொண்டே யோசிக்க வேண்டாம். இன்றைக்கே தீர்மானம் செய்துவிடுவோம்."

ஐந்து வாரம். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு டாக்டர் கொடுத்த சத்துப் பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உதட்டோரம் ஒரு சொட்டு. அது நக்கும். இன்னொரு சொட்டு. வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். டார்ச் பிடித்தது அம்மா. எட்டு மணி சீரியலைத் தியாகம் செய்துவிட்டு. "இன்னும் ஒரு வாய், ராஜா" என்று எனக்குச் சொன்ன அதே குரலில் பல்லிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எடை 46 ஆனது. 46-லேயே நின்றது. வீடே சிரித்தது. அப்புறம் 43. அப்புறம் 40. நோட்டில் மூன்றாவது வரியை மருமகன் அடித்தான். அடுத்த வாரம் முதல் வரி.

ஆபீஸில் ஒரு நண்பர், "ஃப்ரீஸரில் வை, தூக்கத்திலேயே போயிடும்" என்றார். நிறையப் பேர் நல்ல எண்ணத்தில் சொல்லும் யோசனை இது. செய்யவே கூடாது. உறைவது பல்லிக்கு மெதுவான வேதனை என்பதால், அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி நெறிகள் இதை ஏற்பதில்லை. டாக்டர் இரண்டு ஊசி போட்டார். முதலாவது மயக்கத்துக்கு. நினைவு முழுக்கப் போன பிறகுதான் இரண்டாவது. பல்லியின் இதயம் அப்புறமும் வெகு நேரம் துடிக்கும் என்பதால், நின்றது நிச்சயமாகும் வரை பக்கத்திலேயே இருந்தார்.

இரண்டாவது வரியை மருமகன் காரில் அடித்தான். யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகப் போய்த் தலை முழுகினாள், துக்க வீட்டுக்குப் போய்வந்த மாதிரி. அத்தான் என்னைப் பார்த்தார். அப்புறம் அவரும் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

பல்லி வளர்க்கிறவர்களுக்கு மூன்று வார்த்தை. வாரா வாரம் எடை போட்டு எழுதி வையுங்கள். பல்லி பார்க்கத் தெரிந்த டாக்டர் எங்கே என்று, உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். பிடித்த மூன்று விஷயத்தை முன்னாலேயே குறித்து வையுங்கள்.

வளர்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பு சரியில்லை என்பதைக் கடைசி வரை வெளியே சொல்லாத இன்னொரு ஜீவன் உண்டு. ஊரில் இருக்கிற அப்பா. "எனக்கென்னடா, நல்லா இருக்கேன்" என்பார். நேரில் போய்ப் பாருங்கள். போனில் வால் தெரியாது.