பழைய தலைமுறை குப்பையா, அண்ணே?

‘பழைய பதிப்புகளைச் சேர்த்து வைப்பது வட்டை நிரப்பும் குப்பை, பேக்கப் இருந்தால் போதும்’ என்கிறார் ஷா ஆலம் அண்ணன் ஒருவர். எது குப்பை?

நிக்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பு மேலாளரில் ஒவ்வொரு பயனருக்கும் தனி புரொஃபைல். அது வெறும் சுட்டி. புதிதாக ஒன்றை நிறுவினால் புதிய தலைமுறை உருவாகி, சுட்டி அங்கே நகரும். மாறாத தொகுப்புகளை இரு தலைமுறைகளும் பகிர்ந்துகொள்ளும். ரோல்பேக் என்பது சுட்டியைத் திருப்புவதுதான். அதே கணினியைப் பகிரும் பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது. முழு பேக்கப்பை மீட்டாலோ அவருடைய காலை வேலையும் சேர்ந்து போகும்!

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக், விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பிய பிழையான புதுப்பிப்புக் கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றது. அதற்குள் விழுந்த கணினிகள் பலவற்றை ஆள் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாதிப்பு 85 லட்சம் கருவிகள். சிப்பாங் விமான நிலையத்தில் ஏர்ஏசியா பயணிகளைக் கையால் பதிவு செய்தது. நிக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளமான நிக்ஸ்ஓஎஸ் பழைய தலைமுறைகளை பூட் மெனுவிலேயே வைப்பது இப்படிப்பட்ட நாளுக்குத்தான்.

தரவுத்தளம் ரோல்பேக்கில் திரும்பாது, அதற்கு பேக்கப் வேண்டும்; அதில் அண்ணன் சொல்வது சரி. ஆனால் பழைய தலைமுறைகளை மொத்தமாகத் துடைத்துவிட்டு, ‘ரோல்பேக் வேலை செய்யவில்லை’ என்றால் எப்படி?